எத்தனை மீட்டரில் நிற்கும்?

புனேவில் மழை பிடித்துக்கொண்டால் போதும், வாரம் முழுக்க ஆபீஸில் ஆணி பிடுங்கிய கூட்டம் சனிக்கிழமை காலையில் மலைப் பக்கம் கிளம்பிவிடும். பதினோரு வருஷமாக இந்த ஊரில் குப்பை கொட்டும் நானும் அதில் ஒருவன். போன வருஷம் ஜூன் கடைசியில் தங்கமணியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு தாம்ஹிணி காட் பக்கம் போனேன்.

வண்டி ஒரு லிட்டர் டர்போ ஹேட்ச்பேக். பார்க்கத்தான் சாது, மிதித்தால் 120 குதிரை. ஒரு ஏற்றமான வளைவில் நாற்பதில் போய்க்கொண்டிருந்தேன். வளைவு முடியப்போகிறது என்று நினைத்து ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினேன். ஸ்டியரிங் வலது பக்கம் திரும்பியிருக்கிறது, கார் மட்டும் நேராகப் போகிறது! காலை எடுத்தேன். ஒரு நொடி கழித்து முன்சக்கரம் ரோட்டைப் பிடித்தது. பள்ளத்து ஓரக் கட்டைச் சுவருக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும்.

பின்சீட்டிலிருந்து மகள், "அப்பா, இன்னொரு வாட்டி பண்ணு" என்றாள். தங்கமணி வீடு வந்து சேரும்வரை வாயைத் திறக்கவில்லை. அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக டயர் கடை. இந்தியாவில் எந்த ஊருக்குப் போனாலும் பஞ்சர் கடையில் ஒரு மலையாளி இருப்பார், எங்கள் ஏரியாவிலும் ஒரு சேட்டன் இருக்கிறார். டயரின் பட்டனில் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தார். நகம் இறங்கவில்லை. "பட்டன் உண்டு சாரே. பட்சே ரப்பர் செத்துப் போச்சு" என்றார். வண்டியோடு வந்த டயர், ஐந்து வருஷம், முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர். ஆழம் சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டரைப்போல இரண்டு மடங்கு இருந்தது. புது டயர் நாலு என்றதும் என் வாயிலிருந்து தானாக வந்த கேள்வி: "எத்தனை கிலோமீட்டர் ஓடும்?"

அவர் சிரித்துவிட்டுத் திருப்பிக் கேட்டார். "கிலோமீட்டர் வேணுமோ, கிரிப் வேணுமோ?"

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன். என் கேள்வி என்னுடையது இல்லை, எங்க அப்பாவுடையது. திண்டுக்கல்லில் அவரிடம் செகண்ட் ஹேண்ட் பத்மினி ஒன்று இருந்தது. 5.20-14 சைஸ் டயர். பட்டன் தேய்ந்தால் ரீட்ரெட், அதுவும் தேய்ந்தால் ஸ்டெப்னி, ஸ்டெப்னியும் தேய்ந்து நூல் தெரிந்தால் கடைசியில் மாட்டுவண்டிக்காரருக்கு விற்பனை. டயர் என்றால் அவருக்கு கிலோமீட்டர் கணக்குதான். நாற்பது குதிரையை எட்டிப் பிடிக்கும் வண்டி, மழை குறைவான ஊர், அறுபதுக்கு மேல் போகாத மனுஷன். அவர் கணக்கில் தப்பே இல்லை. நான் அதே கணக்கை மூணு மடங்கு குதிரை உள்ள வண்டியோடு தாம்ஹிணி மழைக்குள் எடுத்துக்கொண்டு போனதுதான் தப்பு.

சேட்டனின் கேள்விக்கு உடனே பதில் சொல்லாமல் ஒரு வாரம் டைம் கேட்டேன். அந்த வாரம் முழுக்க ராத்திரி உட்கார்ந்து படித்ததில் ஒன்று புரிந்தது. சின்னக் காரில் பெரிய என்ஜினை வைத்தவர்கள் எல்லாருமே கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து முட்டியிருக்கிறார்கள்.

பத்து அங்குலச் சக்கரம்

1956ஆம் வருஷ சூயஸ் நெருக்கடியில் பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. சிக்கனமான குட்டிக் கார் ஒன்று வேண்டும் என்று பிஎம்சி கம்பெனியின் தலைவர் லெனார்ட் லார்ட், அலெக் இசிகோனிஸிடம் சொன்னார். 1959 ஆகஸ்டில் மினி வந்தது. என்ஜினைக் குறுக்கே வைத்து முன்சக்கரத்தை ஓட்டும் அமைப்பு, இன்று நாம் ஓட்டும் ஹேட்ச்பேக் அத்தனையும் அந்த வழிதான். உள்ளே இடம் மிச்சம் பிடிக்க இசிகோனிஸ் எட்டு அங்குலச் சக்கரம் கேட்டாராம். கடைசியில் டன்லப் கம்பெனி பத்து அங்குலத்துக்குச் சம்மதித்து, அதற்கென்றே டயர் செய்து கொடுத்தது.

அப்போது என்ஜின் 848 சிசி, 34 குதிரை. பிரச்சினை இல்லை. 1961இல் பந்தயக் கார் செய்யும் ஜான் கூப்பர் உள்ளே வந்தார். மினி கூப்பர், 55 குதிரை. 1963இல் கூப்பர் எஸ், 70 குதிரை. சக்கரம் அதே பத்து அங்குலம். சின்னச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு அறுநூறு சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும், என் வண்டியின் பதினாறு அங்குலச் சக்கரத்துக்கு ஐநூற்றுச் சொச்சம்தான். சுற்று கூடினால் சூடு கூடும், தேய்மானமும் கூடும்.

அதைவிடப் பெரிய சிக்கல், முன்சக்கரம் இரண்டும் இரண்டு வேலை பார்க்க வேண்டும். ஒரு டயர் ரோட்டைத் தொடுவது உள்ளங்கை அளவு இடத்தில்தான். அந்த உள்ளங்கைக்குக் கிடைக்கும் பிடிப்பு மாதச் சம்பளம் மாதிரி. பெட்ரோலை மிதித்து இழுப்பதற்கு முழுச் சம்பளத்தையும் செலவு செய்துவிட்டால், திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. தாம்ஹிணியில் எனக்கு நடந்தது இதுதான். மழையில் சம்பளம் பாதியாகிவிட்டது, நான் செலவைக் குறைக்கவில்லை.

மினிக்காரர்களுக்கு உதவியாக வந்தது ரேடியல் டயர். மிஷலின் கம்பெனி 1946இல் காப்புரிமை வாங்கிய விஷயம் அது. அதுவரை டயரின் நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்வாகக் குறுக்கிட்டு ஓடும், கிராஸ்பிளை என்பார்கள். வளைவில் டயரின் பக்கச்சுவர் மடங்கும்போது ரோட்டைத் தொடும் பகுதியும் கூடவே கோணிக்கொள்ளும். ரேடியலில் பக்கச்சுவர் தனியாக வளையும், மேலே ஒரு வார் போட்டு டிரெட்டைத் தட்டையாகப் பிடித்துக்கொள்ளும். உள்ளங்கை உள்ளங்கையாகவே இருக்கும். டன்லப் எஸ்பி என்ற ரேடியல் கூப்பர் எஸ்ஸுக்குக் கிடைத்தது.

மான்டே கார்லோ ராலியில் 1964, 1965, 1967 என்று மூன்று முறை மினி ஜெயித்தது. 1966இலும் முதலில் வந்ததுதான், ஹெட்லைட் பல்பு விதிப்படி இல்லை என்று தகுதிநீக்கம் செய்துவிட்டார்கள். இதில் என்னை ஈர்த்தது 1967 ராலி. டயர்ச் செலவு கட்டுமீறிப் போகிறது என்று, ஒரு கட்டத்துக்கு எட்டு டயருக்கு மேல் கிடையாது என ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். பனி, ஈரம், காய்ந்த ரோடு மூன்றும் ஒரே ராத்திரியில் வரும். எந்த எட்டைக் கையில் வைத்துக்கொள்வது? என்ஜினுக்குச் சமமாக டயர்த் தேர்வும் ஜெயிப்பதைத் தீர்மானித்த ராலி அது.

துள்ளாத ரப்பர்

சரி, ரேடியல் போட்டால் போதுமா? என் வண்டியிலும் ரேடியல்தானே இருந்தது. வழுக்கிவிட்டதே?

இதற்குப் பதில் 1950களின் கடைசியில் இங்கிலாந்தில் கிடைத்தது. கேம்பிரிட்ஜில் டேவிட் டேபர் என்ற இயற்பியலாளர், உராய்வைப் பற்றியே வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். அரசின் சாலை ஆராய்ச்சி நிலையத்தில் கைல்ஸ், பார்பரா சேபி என்ற இரண்டு பேர். மூவரும் சேர்ந்து 1958இல் டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே இருக்கும் உராய்வைப் பற்றி எழுதினார்கள்.

விஷயம் இதுதான். காய்ந்த ரோட்டில் ரப்பர் ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் படலம் நடுவில் வந்தால் அந்த ஒட்டல் பெருமளவு போய்விடும். அப்புறம் பிடிப்பு எங்கிருந்து வருகிறது? ரோட்டில் இருக்கும் சின்னச் சின்னக் கல் முனைகள் ரப்பரை அழுத்துகின்றன. துள்ளும் ரப்பர், அமுங்கின வேகத்திலேயே எழுந்து, வாங்கின சக்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. துள்ளாத ரப்பர் மெதுவாகத்தான் எழும். அதனால் கல் முனையின் முன்பக்கம் தள்ளும், பின்பக்கம் தள்ளாது. அந்த வித்தியாசம்தான் ஈரத்தில் பிடிப்பு. கீழே போட்டால் பந்து மாதிரி எகிறும் ரப்பர் மழையில் வழுக்கும், பொத்தென்று விழுந்து கிடக்கும் ரப்பர் பிடிக்கும்.

1960களில் டயர் கம்பெனிகள் துள்ளாத ரப்பரில் டயர் போட ஆரம்பித்தன. இதற்கு விலை உண்டு. திருப்பிக் கொடுக்காத சக்தி சூடாக மாறுகிறது. டயர் சூடாகும், பெட்ரோல் கூடக் குடிக்கும், சீக்கிரம் தேயும். கிலோமீட்டரா, கிரிப்பா என்று சேட்டன் கேட்டது இதைத்தான். அவர் டேபரைப் படித்திருக்க மாட்டார், முப்பது வருஷமாக நகத்தால் அழுத்திப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்! வெயிலிலும் காற்றிலும் வருஷக்கணக்கில் நின்ற டயர் இறுகிப் போகும். பட்டன் அப்படியே இருக்கும், பிடிப்பு மட்டும் போயிருக்கும்.

மிதக்கும் வேகம்

ஈரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஓடுபாதையில் தண்ணீர் நின்றால் விமானம் பிரேக் பிடிக்காமல் போகிறதே என்று அமெரிக்காவில் நாசாவின் லாங்லி ஆய்வு நிலையத்தில் வால்டர் ஹார்ன் ஆராய்ந்தார். 1963இல் வந்த அவர்களின் அறிக்கையில் ஓர் எளிய சூத்திரம் இருக்கிறது. டயரின் காற்றழுத்தத்துக்கு வர்க்கமூலம் எடுத்து 10.35 ஆல் பெருக்கினால், டயர் தண்ணீர்மேல் முழுதாக மிதக்கும் வேகம் மணிக்கு இத்தனை மைல் என்று வரும். டயரின் பள்ளத்தைவிட ஆழமாகத் தண்ணீர் நிற்கும்போது பொருந்தும் கணக்கு இது.

33 பிஎஸ்ஐ காற்று என்றால் சுமார் 96 கிலோமீட்டர் வேகம். காற்றை மறந்து 20இல் விட்டுவிட்டால் 75 கிலோமீட்டருக்கே மிதக்க ஆரம்பிக்கும். மும்பை எக்ஸ்பிரஸ்வேயில் ஜூலை மாதம் எல்லாரும் போகும் வேகத்தை நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மிதக்கும் டயருக்கு எந்த ரப்பராக இருந்தாலும் ஒன்றுதான். தண்ணீரை வெளியே தள்ளப் பள்ளம் வேண்டும், காற்று சரியாக வேண்டும். டன்லப் 1960களின் இறுதியில் கொண்டுவந்த அக்வாஜெட் டயரில், தண்ணீர் பக்கவாட்டில் வெளியேற டிரெட்டில் துளையே வைத்திருந்தார்கள்.

ஆக, மழை டயருக்கு இரண்டு வேலை. முதலில் தண்ணீரைத் தள்ள வேண்டும், அப்புறம் கல்லைப் பிடிக்க வேண்டும். என் டயர் முதல் வேலையை ஒழுங்காகச் செய்தது. இரண்டாவதைச் செய்யச் சரக்கு இல்லை.

ஜிடிஐ கேட்ட எழுத்து

1976இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ விற்பனைக்கு வந்தது. 810 கிலோ எடை, 110 குதிரை, 182 கிலோமீட்டர் வேகம். ஐயாயிரம் வண்டி விற்றால் போதும் என்று ஆரம்பித்தார்கள். அந்த முதல் தலைமுறை மட்டும் நாலரை லட்சத்துக்கு மேல் விற்றது.

அதன் டயரைப் பாருங்கள். 175/70 எச்ஆர் 13. சாதா கோல்ஃபில் இருந்தது 155 அகலத்தில் எஸ்ஆர் டயர். நடுவில் மாறியிருக்கும் எழுத்துதான் முக்கியம். எஸ் என்றால் 180 வரை, எச் என்றால் 210 வரை. 182 போகும் வண்டிக்கு 180 டயர் போட முடியாது. இரண்டே இரண்டு கிலோமீட்டர் மேலே போனதால் டயரே வேறு ஜாதி ஆகிவிட்டது. இன்றைக்கும் டயர் ஓரத்தில் 87வி என்று போட்டிருந்தால், 87 என்பது அந்த டயர் 545 கிலோ தாங்கும் என்ற குறி, வி என்றால் 240 வரை. காசு மிச்சம் என்று கீழ் எழுத்து டயர் மாட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதே காலத்தில் பிரெல்லி கம்பெனி லான்சியா ஸ்ட்ராடோஸ் ராலி வண்டிக்காக பி7 என்ற டயரைச் செய்தது. குட்டையான பக்கச்சுவர், இரும்பு வாருக்கு மேல் நைலான் கட்டு. பந்தயத்திலிருந்து அது போர்ஷேக்குப் போனது, அந்தக் குட்டைச்சுவர் பாணி மெதுவாகச் சின்னக் கார்களுக்கும் இறங்கியது. 1984இல் வந்த பெஜோ 205 ஜிடிஐயில் 185/60 ஆர் 14. அருமையான வண்டி, ஒரே ஒரு குணம் தவிர. வளைவின் பாதியில் பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் விலகிச் சுற்றும். இரண்டு டயர்தான் புதுசாக வாங்க முடியும் என்றால் அதைப் பின்னால் மாட்டு என்று இன்று டயர்க்காரர்கள் சொல்வதன் காரணம் இதுதான். முன்பக்கம் வழுக்கினால் காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் நம்மைப் போன்றவர்கள் சமாளிக்க முடியாது.

கோடை என்ற பெயர்

படிக்கும்போது என்னைக் குழப்பிய ஒரு பெயர், கோடை டயர். வெயிலுக்குத்தானே, மழைக்கு எதற்கு என்றுதான் நானும் நினைத்தேன்.

பெயர் வந்த கதை பின்லாந்தில் ஆரம்பிக்கிறது. நோக்கியா என்ற ஊரில் இருந்த ரப்பர் ஆலை 1934இல் பனி ரோட்டுக்கென்று லாரி டயர் செய்தது, 1936இல் காருக்கு. (ஆமாம், அதே நோக்கியாதான். ரப்பர் ஆலை, கேபிள் ஆலை, காகித ஆலை மூன்றும் 1967இல் ஒன்றாகித்தான் பின்னாளில் போன் செய்த கம்பெனி வந்தது.) பனிக்காலத்துக்கு என்று தனி டயர் வந்த பிறகு, மிச்ச மாதங்களுக்கான டயர் கோடை டயர் ஆயிற்று. சுமார் ஏழு டிகிரிக்குக் கீழே அதன் ரப்பர் இறுக ஆரம்பிக்கும், அதற்கு மேலே ஈரத்திலும் காய்ந்த ரோட்டிலும் அதுதான் நன்றாகப் பிடிக்கும். பனி டயரும் ஆல் சீசன் டயரும் குளிரில் வேலை செய்வதற்காக வெயிலில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கின்றன.

ஆக, ஐரோப்பாக்காரன் கோடை என்று சொல்வது நம்முடைய பன்னிரண்டு மாதமும்தான்! புனேவில் ஜனவரி விடியற்காலையில் சில நாள் ஏழு டிகிரியைத் தொடும், அதோடு சரி. நமக்குக் கோடை டயர் என்பது மழைக்கால டயர்.

மூன்று முனை

டேபர் காலத்திலிருந்து டயர்க்காரர்களை ஒரு முக்கோணம் ஆட்டிவைத்தது. ஈரப் பிடிப்பு, பெட்ரோல் சிக்கனம், தேயாமை. ஒரு முனையை இழுத்தால் இன்னொன்று உள்ளே போகும். 1990களின் தொடக்கத்தில் மிஷலின், ரப்பரில் சேர்க்கும் கரித்தூளில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு சிலிக்காவைச் சேர்த்தது. உருளும்போது சக்தி குறைவாக வீணாகும், ஈரத்தில் பிடிக்கும்போது வேண்டிய அளவு வீணாகும். முக்கோணம் உடையவில்லை, கொஞ்சம் பெரிதானது.

2012 நவம்பர் முதல் ஐரோப்பாவில் டயரோடு ஈரப் பிடிப்பு வகுப்பை ஒட்ட வேண்டும் என்ற சட்டம் வந்தது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஈர ரோட்டில் பிரேக் அடித்தால், அந்த அட்டையின் மேல் வகுப்புக்கும் கடைசி வகுப்புக்கும் நடுவே 18 மீட்டர் வரை வித்தியாசம் வரலாம். நாலு கார் நீளம். நம் ஊரிலும் ஈரப் பிடிப்பு, உருளல் தடை, சத்தம் மூன்றுக்கும் ஏஐஎஸ்-142 என்ற தரத்தை 2022இல் மத்திய அரசு அறிவித்தது.

ஒரு வாரம் கழித்து சேட்டனிடம் போனேன். முதலில் ஆசைப்பட்டது பந்தயப் பிரியர்கள் போடும் அரைவழுக்கை டயருக்கு. தேய்மான எண் 200, காய்ந்த ரோட்டில் பல்லி மாதிரி ஒட்டும். ஆனால் பள்ளம் குறைவு, தண்ணீர் நின்றால் ஹார்ன் சூத்திரம் வேலையைக் காட்டிவிடும், சூடேறினால்தான் முழுப் பிடிப்பும் வரும். வண்டியோடு வந்தது மாதிரியே இன்னொரு செட் போடலாம், ஐம்பதாயிரம் ஓடும். இரண்டையும் விட்டுவிட்டு நடுவில் ஒன்றை எடுத்தேன். அதே 195/55 ஆர் 16, அதே வி எழுத்து, தேய்மான எண் 300ஐ ஒட்டி, ஈரப் பிடிப்பில் மேல் வகுப்பு, நடுவில் அகலமான நாலு நேர்ப் பள்ளம். ஓரத்தில் கடைசி நாலு இலக்கத்தையும் பார்த்து வாங்கினேன், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். டயருக்கு இரண்டாயிரம் அதிகம், நாலுக்கு எட்டாயிரம்.

போன ஆகஸ்டில் அதே வளைவு, அதே மழை. இந்த முறை மிதிக்கவும் இல்லை. கார் திரும்பியது, அவ்வளவுதான். சொல்வதற்கு ஒன்றுமே நடக்கவில்லை. தங்கமணி பேசிக்கொண்டே வந்தாள்.

அன்று ராத்திரி அப்பாவுக்கு போன் செய்தபோது டயர் மாற்றியதைச் சொன்னேன். எதிர்பார்த்த கேள்விதான் வந்தது.

"எத்தனை கிலோமீட்டர்டா ஓடும்?"

"முப்பதாயிரம் ஓடினா பெருசுப்பா."

"அவ்வளவுதானா? அதுக்கா இவ்வளவு காசு?"

"மழையில சீக்கிரம் நிக்கும்ப்பா. பாப்பா பின்சீட்லதானே உக்கார்றா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார். "சரி. காத்து மட்டும் மாசம் ரெண்டு வாட்டி பாத்துக்கோ."

நாசாக்காரர் சொன்னதும் அதைத்தான்.

பி.கு.: ஸ்டெப்னி என்று நாம் சொல்கிறோமே, அது வேல்ஸ் நாட்டில் லானெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1900களின் தொடக்கத்தில் உபரிச் சக்கரம் செய்த கம்பெனியின் பெயர். அங்கே மறந்தே போய்விட்டார்கள், நாம்தான் இன்னும் டிக்கியில் வைத்துச் சுமக்கிறோம். அதிலும் காற்று இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.